ஃபாக்னரை எங்கிருந்து தொடங்குவது

போன மாதம் அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸை விரும்பிப் படிப்பவர் அவர். 1982ஆம் ஆண்டு நோபல் உரையில் மார்க்கேஸ், அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரை ‘என் ஆசான்’ என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சரி, ஆசானையே படித்துவிடலாம் என்று ‘தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி’யை வாங்கியிருக்கிறார். இருபது பக்கத்தில் நின்றுவிட்டது. “ஒவ்வொரு வாக்கியமும் புரியுது. ஆனா யாரு யாரு, எது எப்ப நடக்குது, ஒண்ணும் பிடிபடலை. எனக்கு இதெல்லாம் எட்டாதோ?” என்றார். சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது, அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த ‘எட்டாதோ’ அன்று இரவு முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. அதே புத்தகத்தை ஏறத்தாழ அதே இடத்தில் நான் மூன்று முறை மூடிவைத்திருக்கிறேன், மூன்று முறையும் அதே சந்தேகம்தான் எனக்கும் வந்தது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஃபாக்னர் கடினம்தான். ‘சும்மா பயமுறுத்துறாங்க, ரொம்ப சுலபம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1956இல் ‘தி பாரிஸ் ரிவ்யூ’ பேட்டியில் இதையே கேட்டார்கள்: உங்கள் எழுத்தை இரண்டு மூன்று முறை படித்தும் புரியவில்லை என்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி? ‘நான்காவது முறை படிக்கட்டும்’ என்கிற பொருளில் பதில் சொன்னார். இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பதிலாகத்தான் படுகிறது, ஏனென்றால் அவர் எழுதுகிற முறையே அப்படி. ஒரு சம்பவத்தை ஒரே தடவையில் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை. முதலில் யாரோ ஒருவர் வாயால் துண்டாக வரும், ஐம்பது பக்கம் தள்ளி வேறொருவர் வாயால் இன்னும் கொஞ்சம் வரும், கடைசியில் நாம் எதிர்பார்க்காத ஒருவர் போகிற போக்கில் மிச்சத்தைச் சொல்லிவிடுவார். நம் வீட்டில் ஒரு பழைய குடும்பப் பகையை நாம் எப்படித் தெரிந்துகொண்டோம் என்று நினைத்துப் பாருங்கள். பெரியப்பா ஏன் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை என்று யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தில் அத்தை பாதியில் நிறுத்திய பேச்சு, பாட்டி யாரையோ திட்டும்போது வந்து விழுந்த ஒரு பெயர், பல வருடம் கழித்து அப்பா ஒரு ராத்திரி சொன்னது, இப்படித்தான் சேர்ந்தது. ஃபாக்னரின் நாவல் அப்படித்தான் சேரும். ஆகவே முதல் தடவை ஒரு பக்கம் புரியவில்லை என்றால் நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை. அது திரும்ப வரும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் மூன்று முறை மூடியிருக்க மாட்டேன்.

அவரைப் பற்றிச் சுருக்கமாக. 1897இல் மிசிசிப்பியில் பிறந்தவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை அதே மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற சிறிய ஊரில் கழித்தவர், 1962இல் இறந்தார். அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்து யோக்னபடாஃபா என்று ஒரு மாவட்டத்தைக் கற்பனையில் உருவாக்கி, பெரும்பாலான கதைகளை அங்கேயே நடக்கவிட்டார். ‘அப்சலோம், அப்சலோம்!’ நாவலின் பின்னால் அதற்கு அவரே வரைந்த வரைபடம் இருக்கிறது: பரப்பு 2,400 சதுர மைல், மக்கள்தொகை வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313, ‘ஒரே உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர்’. ஒரு புத்தகத்தில் ஓரமாக வந்துபோன குடும்பம் இன்னொன்றில் நடுவில் நிற்கும். எதிலிருந்து தொடங்கினாலும் அந்த மாவட்டத்துக்குள்தான் நுழைகிறோம், அதனால் பெரிய வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. சின்ன வாசல்கள் இருக்கின்றன.

சிறுகதைகள்தான் அந்தச் சின்ன வாசல். எல்லோரும் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’யைச் சொல்வார்கள். 1930இல் வந்த கதை, ஐந்து பகுதி, ஊரே ‘நாங்கள்’ என்று சேர்ந்து சொல்கிற கதை. சவ ஊர்வலத்தில் தொடங்கிப் பின்னால் போகும், முன்னால் வரும், திரும்பப் பின்னால் போகும். வீட்டில் நாற்றம் வந்தது முதலில் வருகிறது, எமிலி விஷம் வாங்கியது அப்புறம் வருகிறது. நல்ல கதைதான். ஆனால் அதன் முடிவு மிகவும் பிரபலமாகிவிட்டதால் பலருக்குப் படிக்கும் முன்பே தெரிந்துபோயிருக்கிறது. நான் கைகாட்டுவது 1939இல் வந்த ‘பார்ன் பர்னிங்’.

ஒரு கடை. அங்கேதான் அன்றைக்கு நீதிமன்றம் கூடியிருக்கிறது. சீஸ் வாசனை அடிக்கிறது. பத்து வயதுப் பையன் சார்ட்டி கூட்டத்தின் பின்னால் ஓர் ஆணிப் பீப்பாய்மேல் உட்கார்ந்திருக்கிறான், பசி, எழுத்துத் தெரியாது, அலமாரி டின்களின்மேல் இருக்கும் மீன் படத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான். அவன் அப்பா ஆப்னர் ஸ்னோப்ஸ்மீது வழக்கு: அடுத்தவரின் தானியக் கொட்டகைக்குத் தீ வைத்தார் என்று. கதை மொத்தமும் இந்தப் பையனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கிற இழுபறி. அப்பா குற்றவாளி என்று அவனுக்குத் தெரியும், அப்பாவை விட்டுக்கொடுக்கவும் முடியாது. அடுத்த நிலத்துக்குக் குடிபெயர்கிறார்கள், போன முதல் நாளே அப்பா குதிரைச் சாணத்தை வேண்டுமென்றே மிதித்துப்போய் நிலக்காரர் வீட்டு வெளுத்த கம்பளத்தில் காலை அழுத்தித் தேய்க்கிறார். அங்கிருந்து கதை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் வாசிப்பை நிறுத்த முடியாது.

இந்தக் கதையைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஃபாக்னரின் எல்லா வித்தைகளும் சிறிய அளவில் இதில் இருக்கின்றன. வாக்கியம் நீளும், நடுவில் சாய்வெழுத்தில் பையன் மனதுக்குள் நினைப்பது வெட்டிக்கொண்டு வரும். அப்பா அவனை அடித்துவிட்டுப் பேசுகிற இடத்தில், கதை ஒரே வாக்கியத்தில் இருபது வருடம் தாண்டி, வளர்ந்தபிறகு அவன் இதைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, உடனே அதே ராத்திரிக்குத் திரும்பிவிடும். அந்தத் தாவலை ஒருமுறை உடம்பில் வாங்கிக்கொண்டால் பெரிய நாவல்களில் தடுக்கி விழ மாட்டோம். இங்கே கதை கையை விட்டுப் போவதில்லை, அதனால் பழகிக்கொள்ள இது நல்ல இடம்.

அப்புறம் ‘ஆஸ் ஐ லே டையிங்’. 1930. ஒரு பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஏறத்தாழ ஆறு வாரங்களில் எழுதியது. 59 சிறு அத்தியாயங்கள், 15 பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் பேசுகிறவரின் பெயர் இருக்கிறது, புது வாசகருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ‘சவுண்ட்’டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். கதையை ஒரு வரியில் சொல்லலாம்: ஏழை விவசாயக் குடும்பம் ஒன்று, இறந்துபோன தாயை அவள் கேட்டுக்கொண்டபடி அவள் பிறந்த வீட்டார் புதைந்திருக்கும் ஊரில் புதைக்க வண்டியில் கொண்டுபோகிறது. வெள்ளம், பாலம் போய்விட்டது, மேலே பிணம் தின்னும் கழுகுகள், நாள்கணக்கில் வெயில். மூத்தவன் கேஷ் தச்சன், தாய் உயிரோடு படுத்திருக்கும்போதே சன்னலுக்கு வெளியே அவள் கண்ணெதிரில் சவப்பெட்டி செய்கிறான், அதுதான் அவன் அன்பைக் காட்டுகிற விதம். சின்னவன் வார்டமன் அன்றைக்குத்தான் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து வந்து அறுத்திருக்கிறான், அதே நாளில் அம்மா போய்விடுகிறாள். அவனுடைய ஒரு அத்தியாயம் மொத்தமே ஒரு வரிதான்: என் அம்மா ஒரு மீன். முதலில் படித்தபோது ஏதோ சோதனை முயற்சி என்று கடந்துவிட்டேன். இரண்டாவது முறை படித்தபோது, சாவு என்றால் என்னவென்று தெரியாத ஒரு குழந்தை, கொஞ்ச நேரத்துக்கு முன்பு முழுசாக இருந்து இப்போது இல்லாமல் போன இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவைத்துக்கொள்கிறான் என்று புரிந்தது. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த நாவலை ஒரே வாரத்தில் முடித்துவிடப் பாருங்கள். இடைவெளி விட்டால் குரல்கள் மறந்துபோகும். இன்னொரு மகன் டார்ல் பேசும்போது மொழி திடீரென்று உயரே போகும், ஒரு விவசாயி மகன் இப்படிப் பேசுவானா என்று தோன்றும். அது அவன் வாயால் பேசுவது இல்லை, அவனுக்குள் ஓடுவது. அதை மனதில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம்: வாய்விட்டுப் படியுங்கள். தென்மாநில ஏழை வெள்ளையர், கறுப்பர் பேசுகிற ஆங்கிலத்தை ஃபாக்னர் ஒலிப்படியே எழுத்துக்கூட்டி எழுதுகிறார். பள்ளியில் இலக்கணம் பார்த்து ஆங்கிலம் படித்த நமக்குக் கண்ணால் பார்த்தால் அது வேறு பாஷை மாதிரி இருக்கும். கரிசல் வட்டார வழக்கில் எழுதிய கதையை நகரத்துப் பையன் முதலில் பார்த்துத் திகைத்துவிட்டு, பாட்டி குரலில் வாசித்துப் பார்த்ததும் சட்டென்று பிடித்துக்கொள்வானே, அதே போல. நீண்ட வாக்கியங்களுக்கும் இதுவே வழி. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடாமல் மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்து வாசித்தால் பாதிச் சிக்கல் கரைந்துவிடும். 1957, 58இல் அவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு பேசியதும் வாசித்ததும் ஒலிப்பதிவாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மெல்லிய குரல், அவசரமே இல்லை. அதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் படித்தால் வாக்கியங்கள் அந்தக் குரலிலேயே ஓடும்.

மூன்றாவதாக ‘லைட் இன் ஆகஸ்ட்’, 1932. பெரிய நாவல்களில் இதுதான் நேராகப் போவது. லீனா என்ற கர்ப்பிணிப் பெண், தன்னை விட்டுப்போனவனைத் தேடி அலபாமாவிலிருந்து நடந்து வருகிறாள். இன்னொரு பக்கம் ஜோ கிறிஸ்துமஸ், பார்த்தால் வெள்ளையன், தன் ரத்தத்தில் கறுப்பு இருக்கிறதா என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது, நாவல் நமக்கும் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் ஊர் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு வந்த கணத்தில் அவன் இத்தனை நாள் என்னவாக இருந்தான் என்பதெல்லாம் அழிந்துபோகிறது. ‘நீங்க எந்த ஊரு, யாரு வீடு’ என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு ஒருவரின் சாதியைத் தெரிந்துகொண்ட பிறகே பேச்சைத் தொடர்கிற இடத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பக்கங்களைப் படிக்க எனக்கு அமெரிக்க வரலாறு எதுவும் தேவைப்படவில்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் புத்தகங்களில் கறுப்பரைக் குறிக்கும் மிக மோசமான வசைச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்த ஊர் அப்படித்தான் பேசியது, அவர் அப்படியே எழுதினார். ஆனால் நாவலில் அவ்வளவு தூரம் பார்த்த மனிதர், 1956இல் ‘லைஃப்’ இதழில் எழுதியபோது, இனப் பிரிவினையை ஒழிக்கும் விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துப் போகும்படி வடமாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அதே ஆண்டு அதற்குக் கடுமையாகப் பதில் எழுதினார். பால்ட்வின் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். ஃபாக்னரைப் படிக்கிறவர்கள் பால்ட்வினின் அந்தக் கட்டுரையையும் தேடிப் படிக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் ‘தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி’, 1929. காம்ப்ஸன் என்ற நொடித்துப்போன குடும்பம், நான்கு பகுதி. முதல் மூன்று பகுதிகளை மூன்று சகோதரர்கள் பேசுகிறார்கள்: பென்ஜி, க்வென்டின், ஜேசன். நான்காவதை வெளியிலிருந்து ஒரு குரல் சொல்கிறது, அதன் நடுவில் நிற்பவர் அந்த வீட்டைத் தூக்கிச் சுமக்கும் கறுப்பினப் பெண் டில்ஸி. நான்கு பகுதிக்கும் நடுவில் இருக்கிற கேடி, அந்த மூவரின் சகோதரி, அவளுக்கு மட்டும் பேச ஒரு பகுதி இல்லை.

எல்லோரும் தடுக்கி விழுவது முதல் பகுதியில். பென்ஜிக்கு அன்று முப்பத்துமூன்று வயது நிறைகிறது, ஆனால் மனவளர்ச்சி இல்லை, பேச்சு இல்லை. நேரம் என்ற ஒன்று அவனுக்குக் கிடையாது. நேற்று, இருபது வருடம் முன்பு, இன்று எல்லாம் ஒரே தட்டில் இருக்கின்றன. அதன் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் என்னோடு மெதுவாகப் பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் யாரோ எதையோ அடிப்பதைப் பார்க்கிறான். கொடி, புல், அடிக்கிறார்கள், நகர்கிறார்கள். கோல்ஃப் மைதானம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது, நாமே ஊகிக்க வேண்டும். அங்கே ஒருவர் பந்துப்பையைச் சுமக்கும் பையனை ‘கேடி’ என்று கூப்பிடுகிறார். பென்ஜி அழத் தொடங்குகிறான். கூட இருக்கும் லஸ்டர் எரிச்சலோடு அதட்டுகிறான். ஏன் அழுகிறான்? அந்த இடத்தில் காரணமே வராது. அந்தச் சொல் அவன் சகோதரியின் பெயர், அவள் இப்போது அந்த வீட்டில் இல்லை, அந்த மைதானம் ஒருகாலத்தில் பென்ஜியின் பெயரில் இருந்த மேய்ச்சல் நிலம், அவள் கல்யாணச் செலவுக்கும் அண்ணன் ஹார்வர்டில் படிப்பதற்கும் விற்றுவிட்டார்கள். இத்தனையும் தெரியவர நூறு பக்கத்துக்குமேல் ஆகும். தெரிந்தபிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்து வேலியில் நுழையும்போது ஓர் ஆணியில் அவன் சட்டை மாட்டுகிறது. திரும்பவும் மாட்டிக்கிட்டியா என்று லஸ்டர் திட்டுகிறான். உடனே எழுத்து சாய்கிறது, கேடி அவனை ஆணியிலிருந்து விடுவிக்கிறாள், குளிர்காலம், கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, கையை உள்ளே வைத்துக்கொள், விறைத்துப்போகும் என்கிறாள். என்ன நடந்தது? இன்றைய ஆணி, பழைய ஆணியைத் தொட்டது, அவ்வளவுதான். அவன் ‘நினைத்துப் பார்க்கவில்லை’, அங்கேயே இருக்கிறான். இந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பகுதி முழுவதற்கும் சாவி கிடைத்த மாதிரி: காலம் மாறும் இடத்தில் என்ன பொருள், என்ன வாசனை, என்ன சொல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எந்த வருடம் என்று தெரியவில்லையா, பென்ஜியைப் பார்த்துக்கொள்பவன் யார் என்று பாருங்கள். வெர்ஷ் என்றால் சிறுவயது, டி.பி. என்றால் வளர்ந்த பருவம், லஸ்டர் என்றால் இன்று, 1928. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொள்ளுங்கள். அதோடு இன்னொரு வரி: க்வென்டின் என்ற பெயரில் இரண்டு பேர், ஒருவன் அண்ணன், இன்னொருத்தி கேடியின் மகள். ஜேசனும் இரண்டு பேர், அப்பாவும் மகனும். இந்த அளவு போதும். சில பதிப்புகளில் அவரே எழுதி 1946இல் வெளியான காம்ப்ஸன் குடும்பப் பிற்சேர்க்கை இருக்கும், சிலதில் முன்னாலேயே கூட வைத்திருப்பார்கள். அதைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் எல்லாம் விளங்கிவிடும், ஆனால் அந்த ஆணி குத்தாது.

சிலர் நேராக மூன்றாவது பகுதிக்குப் போய், ஜேசனின் எரிச்சல் பிடித்த தெளிவான பேச்சில் தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஜேசன் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதை முதலில் கேட்டுவிட்டால் அவன் கண்ணாலேயே கேடியைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். பென்ஜியின் குழப்பத்தில் அவள் மர வாசனையோடு வருகிறாள், அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள், அப்படித்தான் அவள் நமக்கு முதலில் அறிமுகமாக வேண்டும். ஒரே அமர்வில் பதினைந்து பக்கம், குழம்பினால் குழம்பியபடியே மேலே போவது, நான்காவது பகுதி முடிந்ததும் அன்றே முதல் பகுதிக்குத் திரும்புவது. நான் நான்காவது முயற்சியில் இப்படித்தான் முடித்தேன்.

‘அப்சலோம், அப்சலோம்!’ பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. 1936இல் வந்தது, என் கணக்கில் அவர் எழுதியதிலேயே மிகச் சிறந்தது, ஆயிரம் சொல்லைத் தாண்டுகிற வாக்கியமெல்லாம் அதில் உண்டு. இந்த நான்கையும் படித்த பிறகு யாரும் கைகாட்டாமலே அதற்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். பின்னாலிருக்கும் கால அட்டவணையை மட்டும் முதல் ஐந்து அத்தியாயம் முடியும்வரை பார்க்காதீர்கள்.

அலுவலக நண்பருக்கு ‘பார்ன் பர்னிங்’கை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். ‘சவுண்ட்’டை அலமாரியிலேயே இருக்கவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றேன். நான்கு நாள் பேச்சே இல்லை. வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு குறுஞ்செய்தி: “அந்தப் பையன் கடைசிவரை திரும்பிப் பாக்கவே இல்லையே சார்.” அடுத்த நிமிடமே இன்னொன்று: “அவன் அப்பா செத்தாரா இல்லையா? ரெண்டு தடவை படிச்சுட்டேன்.”

மூன்றாவது தடவை படித்துப் பாருங்கள் என்று பதில் அனுப்பினேன். திங்கள்கிழமை ‘ஆஸ் ஐ லே டையிங்’கை எடுத்துப்போகப் பையில் வைத்திருக்கிறேன்.